பத்தடி தூரம் நகரும் கடல்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் சென்ற வாரம் ஒரு செய்தி அனுப்பினான். வீட்டின் கீழ்த்தள அறையில் ஒன்பது ஆண்டுகளாக உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறான். சாதாரண மீன் தொட்டி இல்லை. உள்ளே பாறையும் உயிருள்ள பவளமும் வளர்ந்து ஒரு குட்டிப் பவளத்திட்டாகவே ஆகியிருக்கிறது. ஊரில் இருக்கும் அவன் அம்மா இனி அவனோடு இருக்கப் போகிறார். முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. ஆகவே அந்த அறை அம்மாவுக்கு. தொட்டி பக்கத்துக் கூடத்துக்கு. “பத்தடி தூரம்தான் சார். ஆனால் நன்றாக இருக்கிற தொட்டியை நகர்த்தினால் இரண்டு மூன்று நாளில் எல்லாம் செத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். அதே தண்ணீர், அதே மீன், அதே வீடு. ஏன் சார் சாக வேண்டும்?” என்று கேட்டிருந்தான்.

வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. கடலைக் கண்ணாடிக்குள் வைத்து இடம் மாற்ற மனிதர்கள் முயலத் தொடங்கி ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும் பகுதி, எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று தெரியாமலே கழிந்தது. மீனைக் கொண்டுபோனார்கள், தண்ணீரைக் கொண்டுபோனார்கள். கொண்டுபோக வேண்டிய முக்கியமான ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. அது தெரியவந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஊசி, நூல், ஒரு கடற்பஞ்சு

1846-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டார்க்கீ என்றொரு கடற்கரை ஊர். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்பதவியில் இருந்த ஒரு குருவானவரின் மனைவி அங்கே வந்திருந்தார். பெயர் அன்னா தின். பாறை இடுக்குகளில் சிறு கிண்ணம் போல ஒட்டியிருந்த பவளப் பூச்சிகளைக் கண்டார். அவை உயிரோடு லண்டனுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அவர் செய்த வழியைக் கேளுங்கள். பவளங்களை ஊசியும் நூலும் கொண்டு ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்தார். ஜாடி ஆடினாலும் அவை ஒன்றோடொன்று மோதி நசுங்கக் கூடாது என்பதற்காக. கடல்நீர் நிரப்பிய கண்ணாடி ஜாடிக்குள் அந்தப் பஞ்சை வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. லண்டனில் கடல்நீருக்கு எங்கே போவது? கையில் இருந்த நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வழி கண்டார். திறந்த ஜன்னல் பக்கம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு நீரை ஊற்றிக்கொண்டே இருப்பது. நம் டீக்கடையில் டீ ஆற்றுவது போலத்தான். அரை மணி, முக்கால் மணி நேரம். ஊற்றியது வீட்டில் வேலைக்கு இருந்த ஒரு சிறுமி. அவளுக்கு அது விளையாட்டாகவே இருந்தது என்று அன்னா பின்னாளில் எழுதினார். அவள் பெயரை எழுதவில்லை. கண்ணாடிக்குள் பவளத்தை உயிரோடு வைத்திருந்த முதல் கைகளில் அந்தச் சிறுமியின் கைகளும் உண்டு. வரலாற்றில் இப்படிப் பெயர் விட்டுப்போன கைகள் எத்தனை என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு அன்னா, கடற்பாசி உயிரோடு ஒட்டியிருந்த கற்களையும் சிப்பிகளையும் கடற்கரையிலிருந்து வரவழைத்து ஜாடியில் போட்டார். பாசி நீரைச் சுத்தப்படுத்தும் என்பது அவர் எண்ணம். பவளங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. குட்டியும் போட்டுப் பெருகின. அதுபற்றிய அவருடைய கட்டுரை 1859-இல் ஓர் அறிவியல் இதழில் வந்தது. பாசியோடு அவர் வீட்டுக்குள் வந்த அந்தக் கற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவை என்ன செய்தன என்பது அன்னாவுக்கும் தெரியாது, அன்று உலகில் யாருக்குமே தெரியாது.

அப்பாவின் தொட்டி

இனி வருவது ஒரு அப்பா, மகன் கதை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இவர்களுக்காகத்தான்.

அப்பா ராபர்ட் வாரிங்டன், லண்டனில் மருந்து தயாரிப்போர் சங்கத்தில் வேதியியலாளர். 1841-இல் லண்டன் வேதியியல் சங்கம் உருவாக முக்கியக் காரணமாக இருந்தவர். 1849-இல் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு சிறு தங்க மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் விட்டார். மீன் வெளியிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி வெளியிடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. உடனே குளத்து நத்தைகளை விட்டார். நத்தை அழுகிய இலையைத் தின்றது. நத்தை இட்ட முட்டைகளை மீன் தின்றது. தொட்டி தெளிந்தது. 1850-இல் இதை வேதியியல் சங்கத்தில் எடுத்துரைத்தார். மீன், செடி, நத்தை என்ற மூவரும் ஒருவரையொருவர் தாங்கி நிற்கிறார்கள் என்றார். பிறகு கடல்நீரிலும் இதையே செய்து பார்த்தார்.

அழகான விளக்கம், ஆனால் ஓர் ஓட்டை உண்டு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி எங்கே போனது? நான்காவது ஆள் ஒருவர் தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்தார். வாரிங்டன் கண்ணில் அவர் படவே இல்லை.

இதற்குள் இங்கிலாந்தில் மீன் தொட்டிப் பைத்தியம் பிடித்துவிட்டது. கண்ணாடி மீதான வரி 1845-இல் ஒழிந்து கண்ணாடி மலிவானது. ரயில் வந்து கடற்கரையைப் பக்கத்தில் கொண்டுவந்தது. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853-இல் மீன் இல்லம் திறந்தது. பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் 1854-இல் ‘அக்வேரியம்’ என்ற பெயரிலேயே புத்தகம் எழுதினார். சமையல் உப்போடு வேறு மூன்று உப்புகளைச் சேர்த்துச் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அதே ஆண்டில் வெளியிட்டார். கூட்டம் கூட்டமாக மக்கள் கடற்கரைக்குப் போய்ப் பாறைக் குட்டைகளைச் சுரண்டினார்கள். அப்பாவின் புத்தகங்களே அந்தக் கரைகள் சூறையாடப்படக் காரணமாயின என்று அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளிவந்த தன் வாழ்க்கை நூலில் வருத்தப்பட்டிருக்கிறார். ஆசையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை செத்தன. ஏன் செத்தன என்று சொல்ல ஆள் இல்லை.

ஒருவர் மட்டும் விடைக்கு மிக அருகில் வந்தார். வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு. லண்டனில் மீன் தொட்டிக் கடை வைத்திருந்தவர். 1871-இல் திறந்த கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தின் சூத்திரதாரி இவர்தான். பார்வையாளர்கள் பார்க்கும் தொட்டிகளில் இருந்த நீரைவிடப் பல மடங்கு நீரைக் கீழே இருட்டான ஒரு கிடங்கில் வைத்து, இரவும் பகலும் பம்பு வைத்து மேலும் கீழும் சுற்றவிட்டார். நீரை மாற்றவே இல்லை. பழைய நீர் நல்ல நீராகவே இருந்தது. காற்றின் ஆக்சிஜன்தான் கழிவை அழிக்கிறது என்று அவர் நம்பினார். ஆக்சிஜன் தேவைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் அந்த இருட்டுக் கிடங்கின் சுவரெங்கும் ஒட்டியிருந்தார்கள்.

மகனின் மண்

மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். 1838-இல் பிறந்தவர். அப்பா தங்க மீன் கணக்கைச் சங்கத்தில் வாசித்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயது நிறையவில்லை. வேதியியல் கற்றது அப்பாவின் ஆய்வுக்கூடத்தில். வளர்ந்து, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி வயல் சம்பந்தப்பட்டது. வயலில் போடும் எருவில் அம்மோனியா இருக்கிறது. ஆனால் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நைட்ரேட்டாக. இடையில் இதை மாற்றுவது யார்? எட்டாம் வகுப்பில் நைட்ரஜன் சுழற்சி படம் வரைந்தீர்களே, அந்தப் படத்தில் உள்ள ஓர் அம்புக்குறிதான் கேள்வி. வெடியுப்பு நினைவிருக்கிறதா? பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிப்போய் வெடிமருந்து செய்ததே, அந்த உப்பு. ஊர்ப்புற மண்ணில், மாட்டுக் கொட்டிலைச் சுற்றி அது பூத்ததற்கும் இதே மாற்றம்தான் காரணம். பேரரசுகள் அதை வைத்துச் சண்டை போட்டன. அது எப்படி உண்டாகிறது என்று மட்டும் 1877 வரை யாரும் நிரூபிக்கவில்லை.

அந்த ஆண்டு பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாக வடியவிட்டார்கள். சுமார் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. அம்மோனியா போனபடியே வெளியே வந்தது. அதன்பின் நைட்ரேட் வரத் தொடங்கியது, அம்மோனியா மறைந்தது. பிறகு குழாயில் குளோரோஃபாம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுபோனது. கொஞ்சம் தோட்டத்து மண் கரைசலை ஊற்றியதும் சில நாளில் மறுபடி தொடங்கியது. மயக்கமருந்து கொடுத்தால் நிற்கிறது என்றால் வேலை செய்வது உயிர். மணலில் அந்த உயிர் குடியேறிப் பெருகுவதற்கான காலம்தான் அந்த இருபது நாள்.

மகன் வாரிங்டன் இதை அறிந்ததும் அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை இதற்கே கொடுத்தார். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உயிரி என்று காட்டினார். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. மற்றது நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. ஆனால் அந்த உயிரியைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890-இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அதைச் சாதித்தார்.

அப்பாவின் தொட்டியில் இருந்த நான்காவது ஆளை மகன் வயல் மண்ணில் கண்டுபிடித்தார். இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அப்பாவோ 1867-லேயே இறந்துவிட்டார்.

ரயிலேறிய கடல்

விடை 1890-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் அது வேளாண் நூல்களில் இருந்தது. மீன் வளர்த்தவர்கள் பார்வைக்கு வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அறிவு ஓர் அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போக எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள்.

1930-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஷெட் மீன்காட்சியகம் திறந்தது. கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஊர். கடல்நீருக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபுளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்டிலிருந்து ரயிலில் கொண்டுவந்தார்கள். இருபது டேங்கர் பெட்டிகள், எட்டு நடை. மொத்தம் பத்து லட்சம் கேலன். நம் கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர். கடல் என்றால் அதன் தண்ணீர்தான் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் கிடையாது.

வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். 1950-களில் உப்புநீர்த் தொட்டி வைத்தவர்கள் சுத்தத்தில் வெறியாக இருந்தார்கள். பவளம் என்று தொட்டியில் இருந்தது வெளுப்புத்தூளில் ஊறவைத்து வெள்ளை வெளேர் என்று ஆக்கிய எலும்புக்கூடு. பாசி பிடித்தால் எடுத்துக் கழுவி மறுபடி வெளுப்பார்கள். தொட்டியைக் காப்பாற்ற வேண்டிய உயிரிகளைத் தாங்களே கொன்றுவிட்டு, மீன் ஏன் நிலைக்கவில்லை என்று யோசித்தார்கள்.

இந்தப் போக்கைத் திருப்பியவர் ஆய்வுக்கூடத்து அறிஞர் அல்ல. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்ற சீன வம்சாவளிக்காரர். கடலிலிருந்து பாறைத் துண்டுகளை, அவற்றில் ஒட்டியிருந்த அத்தனை உயிர்களோடும் எடுத்துவந்து தொட்டியில் வைத்தார். கழுவவில்லை, வெளுக்கவில்லை. காற்றுக் குமிழிகள் மெதுவாக வரும்படி ஒரு சிறு குழாய் மட்டும் விட்டார். அவர் தொட்டியில் பவளம் உயிரோடு வளர்ந்தது. 1961-இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் தன் முறையை எழுதினார். பலர் நம்பவில்லை. 114 ஆண்டுகளுக்கு முன் அன்னா கடற்பாசியோடு கற்களை வரவழைத்தாரே, அதே வேலையைத்தான் இவர் தெரிந்து செய்தார்.

பிறகு மெல்ல மெல்லக் கதவுகள் திறந்தன. 1970-இல் ஸ்டீஃபன் ஸ்பாட் என்பவர் மூடிய தொட்டிகளின் நீர் மேலாண்மை பற்றி எழுதிய நூல், நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவைத் தொட்டியின் மையத்தில் கொண்டுவந்து வைத்தது. ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் உயிர்ப்பாறை, பலமான விளக்கு, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார்கள். இன்று என் மாணவன் வீட்டில் இருப்பது அந்த முறையின் வாரிசுதான்.

உயிர்ப்பாறை என்றால் பாறைக்கு உயிர் இருக்கிறது என்று பொருள் இல்லை. இறந்த பவளத்தின் சுண்ணாம்புக்கூடு அது. பஞ்சு போல உள்ளே எண்ணற்ற துளைகள். மேற்பரப்பில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள். உள்ளே ஆக்சிஜன் குறைந்த இருட்டில் வேறொரு கூட்டம். அவை அந்த நைட்ரேட்டையும் உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விட்டுவிடும். ஒரே கல்லில் இரண்டு பணிக்கூடம். கல்லுக்குள் தேரை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இங்கே கல்லுக்குள் ஓர் ஊரே இருக்கிறது.

இந்தக் கதையில் கடைசித் திருப்பம் 2005-இல் வந்தது. அமெரிக்காவின் சியாட்டில் மீன்காட்சியகத்தில் வெப்பக் கடல் மீன் தொட்டி ஒன்றின் அடிச்சரளையை எடுத்து ஆய்வாளர்கள் ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். அம்மோனியாவை மாற்றும் உயிரிதான். ஆனால் பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்ற முற்றிலும் வேறான உயிர்ப்பிரிவு. அதன் சொந்தக்காரர்கள் பெருங்கடல்களில் கணக்கற்று நிறைந்திருப்பது பின்னர் தெளிவானது. கடலைப் பற்றிய அவ்வளவு பெரிய செய்தி ஒரு மீன் தொட்டியின் அடியில் கிடந்த சரளையில் இருந்திருக்கிறது.

ஒரு காட்சியகமே வீடு மாறியபோது

சான் பிரான்சிஸ்கோவில் 1923-இல் திறந்த ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகம் உண்டு. 1989 நிலநடுக்கத்தில் அந்த வளாகக் கட்டடங்கள் சேதமடைந்தன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவானது. உள்ளே இருந்த உயிர்களை என்ன செய்வது? நகரின் வேறொரு தெருவில் தற்காலிகக் கட்டடம் பிடித்து 2004-இல் அங்கே குடியேறினார்கள். 2008-இல் புதிய கட்டடத்துக்குத் திரும்பினார்கள். 1938-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மெத்தூசலா என்ற நுரையீரல் மீனும் இரண்டு முறை வீடு மாறியது.

புதிய கட்டடத்தில் 2,12,000 கேலன் கொள்ளும் பவளத் தொட்டி ஒன்று திட்டமிடப்பட்டது. அதைத் திறப்பு விழா நாளில் நிரப்பிவிடலாம் என்று யாரும் நினைக்கவில்லை. தற்காலிகக் கட்டடத்திலேயே சிறிய பவளத் தொட்டி ஒன்றை ஓட்டிப் பழகிக்கொண்டார்கள். ஷெட் காட்சியகம் தண்ணீரை ரயிலில் ஏற்றிய காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இவர்கள் முதலில் ஏற்பாடு செய்தது காலத்தை.

ஆகவே, பத்தடி தூரம்

இப்போது கேள்விக்கு வருவோம். அதே தண்ணீர், அதே மீன், ஏன் சாக வேண்டும்?

தம்பி, உன் தொட்டியில் வேலை செய்யும் கூட்டம் தண்ணீரில் மிகக் குறைவு. பாறையிலும் மணலிலும் வடிகட்டியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகர்த்தும்போது பாறையை வெளியே எடுத்து வைத்தால் காய்ந்து, அதன் மேல் உள்ள கடற்பஞ்சும் புழுவும் சாகும். செத்தவை அழுகி அம்மோனியாவைப் பெருக்கும். அதே நேரத்தில் அம்மோனியாவை மாற்றும் ஆட்களும் குறைந்திருப்பார்கள். வேலை கூடுகிறது, ஆள் குறைகிறது. மீண்டும் பெருக அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஷ்லோசிங்கின் குழாயை நினைத்துக்கொள். போதாக்குறைக்குக் கடல்நீர் காரத்தன்மை உள்ளது. அதில் அம்மோனியாவின் நஞ்சு ஆற்று நீரில் இருப்பதைவிடக் கூடுதல். மூன்றாம் நாள் சாவுக்குக் காரணம் இதுதான். தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பத்தடியும் ஆயிரம் மைலும் ஒன்றுதான்.

வழி என்ன? முதலில் ஆள் சேர்த்துக்கொள். கண்ணாடித் தொட்டியை நீரோடு நகர்த்தாதே. 400 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 410 கிலோ. தூக்கும்போது ஒட்டுகள் பிளக்கும். கூடத்துத் தரை இவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்றும் முன்பே பார்த்துவிடு.

புதிய உப்புநீரை இரண்டு மூன்று நாள் முன்பே கலக்கி, உப்பளவும் வெப்பமும் பழைய நீரோடு ஒத்துப்போகும்படி வைத்துக்கொள். மேலாக இருக்கும் தெளிந்த பழைய நீரைச் சுத்தமான வாளிகளில் எடுத்துக்கொள். அது மீனுக்கும் பவளத்துக்கும் அதிர்ச்சி ஏற்படாமல் இருக்க உதவும். அதோடு அதன் வேலை முடிந்தது. அதை மட்டும் நம்பாதே.

பாறைகளை அந்த நீரில் முழுக்க மூழ்கும்படி பெரிய தொட்டிகளில் வை. சூடேற்றியும் நீரைச் சுழற்றும் சிறு பம்பும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் கழுவாதே. குழாய்நீரில் உள்ள குளோரின், அந்தக் குளோரோஃபாம் செய்த வேலையைச் செய்துவிடும். பவளங்கள் தனி வாளியில், ஒன்றோடொன்று உரசாமல். அன்னாவின் ஊசி நூலுக்குப் பதில் நீ வேறு ஏதாவது பயன்படுத்தலாம். மீனைக் கடைசியில் பிடி. பாறைகளை எடுத்த பிறகு பிடிப்பது எளிது.

ஆழமான பழைய மணலில் கவனம் வேண்டும். ஒன்பது ஆண்டுக் கழிவும், அடியில் அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதில் அடைந்திருக்கும். கிளறி அப்படியே கொட்டினால் ஒரே இரவில் தொட்டி போய்விடும். மேலாக உள்ள கொஞ்சம் மணலை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைப் புது மணலாக மாற்றுவது நல்லது. பாறை உயிரோடு இருந்தால் புது மணலில் அவர்கள் குடியேறிக்கொள்வார்கள்.

புதிய இடத்தில் அதே விளக்கு, அதே நேரம். உன் பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைத்துத்தான் பவளத்துக்குச் சோறு போடுகின்றன. கூடத்து ஜன்னல் வெயில் புதிதாக விழுந்தால் அவை தடுமாறும். முதல் இரண்டு வாரம் தினமும் அம்மோனியா பார். உணவைக் குறைத்துப் போடு. புது மீன் எதுவும் வாங்காதே. அந்தச் சில வாரம் அம்மாவையும் அவசரப்படுத்தாதே. அவருக்கும் ஊர் புதிது. அவருடைய பழைய அம்மியும் சாமி படமும் எதற்கு என்று கேட்காமல் பெட்டியில் ஏற்றிக்கொள்.

நம் பக்கத்துக் கடல்

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் பவளமோ உயிர்ப்பாறையோ கொண்டுவந்து வைக்க ஆசைப்பட வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. எடுப்பது குற்றம்.

அந்தச் சட்டம் வந்ததற்கும் கதை உண்டு. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். பல காலமாக அவற்றை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளிச் சுற்றுலாவில் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் பார்த்தோமே, அந்தச் சுவரில் பூவேலை செய்தது போல இருந்த கல் பவளக்கல்தான். அலையைத் தடுக்கும் பாறை போனதும் தீவுகள் கரைந்தன. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. இன்று நீருக்கு மேல் இருப்பவை 19.

2002 முதல் தூத்துக்குடி ஆய்வாளர்கள் எதிர்த்திசையில் வேலை செய்கிறார்கள். உயிருள்ள பவளத்தின் சிறு துண்டுகளைச் சிமெண்டுத் தளங்களில் கட்டி, பாறை அழிந்த இடங்களில் கடலடியில் நடுகிறார்கள். அன்னா நூலால் தைத்ததற்கும் இவர்கள் கட்டுவதற்கும் பெரிய வேறுபாடில்லை. ஒரே ஒரு வேறுபாடு: அவர் கடலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனார், இவர்கள் கடலுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

தூத்துக்குடி, கீழக்கரை, ராமேசுவரம் பக்கம் இருக்கும் பழைய மாணவர்கள் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் தாத்தா காலத்து வீட்டுச் சுவர் எங்காவது பெயர்ந்திருந்தால் உள்ளே என்ன கல் இருக்கிறது என்று பாருங்கள். துளைத்துளையாக, பூப்போல இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். வீடு எந்த ஆண்டு கட்டியது, கல் எந்தத் தீவிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்